கிட்டார் டிஸ்டார்ஷன் பெடலில் கிளிப்பிங்குக்கு (அலையின் உச்சியை வெட்டிச் சத்தத்தைக் கரகரப்பாக்க) எல்இடி போட்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அல்சூர் ஆறுகம்பி:
ட்யூப் ஸ்க்ரீமர் வகை பெடல், நானே செய்தது. அலையை வெட்டும் 4148 சிலிக்கான் டயோடு இரண்டையும் கழற்றிவிட்டு, பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய கண்ணாடி மாதிரி தெளிவான சிவப்பு எல்இடி போட்டேன். எல்இடி அதிக வோல்ட்டில்தான் வெட்டும், தொனி மாறும், அதற்காகத்தான். பகலில் வாசித்துப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. இரவு மூடியைத் திறந்து வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்து டியூப்லைட்டைப் போட்டார்கள். உடனே கிட்டார் ஆம்பில் (ஆம்ப்ளிஃபையரில்) 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். கிரவுண்டு விட்டுப்போயிருக்கும் என்று ஒயரைத் தொடப் போனேன், சத்தம் நின்றது. கையை எடுத்தேன், திரும்ப வந்தது. ஒயரைத் தொடவே இல்லை, என் கையின் நிழல்தான் எல்இடி மேல் விழுந்திருந்தது. அப்படியே பத்து நிமிடம் கையை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். மூன்று மாதம் ஆகிறது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

சிவாஜிநகர் கோயர்:
என்னுடையது ராட் (RAT) வகை பெடல். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு முந்தின நாள் எல்இடிக்கு மாற்றினேன். வால்யூம் நாப்பைப் பழைய இடத்திலேயே விட்டதுதான் தப்பு. சிலிக்கான் 0.6 வோல்ட்டில் வெட்டும், சிவப்பு எல்இடி 1.7 வரை விடும். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. முதல் கார்டு அடித்ததும் டிரம்ஸ் வாசிக்கும் தம்பி குச்சியைக் கீழே இறக்கிவிட்டு என்னையே பார்த்தான். ஆல்ட்டோ பாடும் அக்கா காதைப் பொத்திக்கொண்டார். ஆனால் அந்தத் தொனி! அழுத்தி அடித்தால் மட்டும் கிழிந்தது, மெதுவாகத் தொட்டால் மணி மாதிரி. பெட்டிக்குள் எல்இடி ஒவ்வொரு அடிக்கும் மின்னியது. எல்இடி போட்டால் மின்னும், அதைப் பார்ப்பதே தனி சுகம்.

முருகேஷ்பாளையா:
கோயர் அண்ணா, "எல்இடி போட்டால் மின்னும்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். அதை நம்பி நான் இரண்டு தடவை கழற்றி மாட்டினேன். உங்கள் ராட் வகையில் எல்இடி கிரவுண்டுக்குப் போகிறது. ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிப்) 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகத் தள்ளுவதால் ஓரிரு மில்லிஆம்பியர் ஓடும், மின்னும். ட்யூப் ஸ்க்ரீமரில் அது ஃபீட்பேக்கில், அதாவது சிப்பின் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்குத் திரும்பும் பாதையில் இருக்கிறது. அங்கே ஓடுவதை 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் முடிவு செய்கிறது, சில பத்து மைக்ரோஆம்பியர்தான். நான் எல்இடி செத்துவிட்டது என்று நினைத்தேன், அது நன்றாகத்தான் இருந்தது. ஒருநாள் கரன்ட் போய்விட்டது. பேட்டரி ஆம்பில் வாசித்துக்கொண்டிருந்தபோது கும்மிருட்டில் ஊசிமுனை அளவு சிவப்பு தெரிந்தது. அவ்வளவுதான் அதன் வெளிச்சம்.

மாட்டுங்கா டோன்:
மும்பையிலிருந்து எழுதுகிறேன். லேமிங்டன் ரோட்டில் வெள்ளை எல்இடி வாங்கிப் போட்டு, கிளிப்பிங் சரியாக வரவில்லையே என்று ஒரு ஞாயிறு முழுக்க அலைந்தேன். என் கதை இவ்வளவுதான். ஆனால் எல்லோரும் இதைக் கவனியுங்கள். வெள்ளையும் நீலமும் 3 வோல்ட் பக்கம் போகும். 9 வோல்ட் பேட்டரியில் 4558 ஆப்-ஆம்ப் சிப் நடுவிலிருந்து மேலும் கீழும் அதற்குச் சற்று மேல்தான் ஆட முடியும். ஆக நீங்கள் கேட்பது பெரும்பாலும் சிப் முட்டும் சத்தம், எல்இடியின் சத்தம் அல்ல. நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரில் டயோடு பக்கம் வைத்து ஒவ்வொன்றையும் அளந்து எடுங்கள். ஒரு பக்கம் எல்இடி, மறுபக்கம் சிலிக்கான் போட்டால் அலை இரு பக்கமும் ஒரே மாதிரி வெட்டுப்படாது, அதற்கு வேறு ருசி. சிங்கிள் காயில் பிக்கப் (கம்பி அதிர்வைச் சிக்னலாக்கும், சற்றுப் பலம் குறைந்த வகை) வைத்திருப்பவர்கள் ட்யூப் ஸ்க்ரீமர் வகையில் கெயினை, அதாவது பெருக்கும் அளவை, கீழே வைத்தால் சிக்னல் 1.7 வோல்ட்டைத் தொடாமலே போகலாம், சுத்தமாகத்தான் வரும், பழுது என்று நினைக்காதீர்கள். மார்ஷல் கவர்னர், டர்போ ராட் பெடல்கள் இரண்டிலும் சிவப்பு எல்இடிதான். அல்சூர் தம்பிக்கு: தெளிவான எல்இடி வேண்டாம், பால்நிற உடல் உள்ளதை வாங்கிக் கறுப்பு டேப் சுற்றுங்கள்.

அல்சூர் ஆறுகம்பி:
டேப் தேவையில்லை அண்ணா, மூடியைப் போட்டாலே சத்தம் இல்லை. சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மின்னுகிறது, எல்இடி அதைப் பிடித்து மின்னோட்டமாக்கி ஆம்புக்கு அனுப்புகிறது. அதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நான் எழுதியது அந்தக் கை வைத்த நிமிடத்துக்காக.

முருகேஷ்பாளையா சொன்னதை நேற்று இரவு பார்த்துவிட்டேன். விளக்கை அணைத்து, கெயினை முழுக்கத் திறந்து, தடித்த ஈ (E) கம்பியை ஓங்கி அடித்தால் மட்டும் தெரிகிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இன்னொரு தடவை அடி என்றார்கள்.