இசிஜி நார்மல், ஆனாலும் நெஞ்சு படபடப்பு: உங்க வீட்ல யாருக்காவது?

கொரடாச்சேரிக்காரன்:
அப்பா விவசாயி. சம்பா அறுப்புக்கு முன்னால ராத்திரி திடீர்னு எழுந்து உக்காந்தார். நெஞ்சடைப்பு, வேர்வை, கை மரத்துப்போச்சு, "உசுரு போவுதுடா"ங்கறார். ஆட்டோ புடிச்சு ஓடினோம். இசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரி. வாயுக் கோளாறுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. மறுபடியும் வந்துச்சு. அம்மா திருபுவனம் கம்பகரேஸ்வரருக்கு வேண்டிக்கிட்டாங்க, நடுக்கம் தீர்த்த சாமியாச்சே. கடைசியா மனநல மருத்துவர்கிட்ட போனோம். "நான் என்ன பைத்தியமா"ன்னு வழியெல்லாம் சண்டை.

டாக்டர் முதல்ல தைராய்டு பாக்கச் சொன்னார், அது கூடினாலும் படபடக்குமாம். அதுவும் சரி. எவ்வளவு நேரம் இருக்குன்னு கேட்டார். பத்து நிமிஷத்துல உச்சத்துக்குப் போய்த் தானா அடங்குது. பேனிக் அட்டாக், அதாவது திடீர்னு வர்ற பயத் தாக்குதல்னார். தாத்தாவுக்கும் இந்தச் சுபாவம் உண்டு. பரம்பரையும் ஒரு காரணமாம். மேட்டூர் தண்ணி, சொசைட்டிக் கடன்னு மனசு ஓயாம ஓடுனது போதாதா?

எஸ்சிடலோபிராம்னு பதற்றத்தைக் குறைக்கிற மாத்திரை எழுதினார். ஆரம்பத்துல குமட்டல், படபடப்பு கொஞ்சம் கூடவே செஞ்சுது. பலன் தெரிய நாலஞ்சு வாரம் ஆச்சு. ஆனா என்னைக் கேட்டா, பாதி வேலையைச் செஞ்சது பேச்சு சிகிச்சைதான். பயத்துல அப்பா மோட்டார் கொட்டகைக்குத் தனியா போறதையே விட்டிருந்தார். முதல்ல நான் கூடப் போனேன். அப்புறம் மதகுல நின்னுகிட்டேன். அப்புறம் வீட்லயே இருந்துட்டேன். நெஞ்சு அடிச்சாலும் அங்கேயே நில்லுங்க, ஓடிவராதீங்கங்கறதுதான் பாடம். இப்ப ராத்திரி தண்ணி பாய்ச்ச அவரே போறார்.

மன்னார்குடி மெடிக்கல்:
அண்ணே, கவுன்ட்டர்ல நிக்கிறவன் சொல்றேன். பழைய சீட்டைக் காட்டி, பதற்றத்தை உடனே அடக்குற அல்பிரசோலம் மாத்திரை கேக்கறவங்கதான் ஜாஸ்தி. அரை மணியில அடக்கிடும், அதான் ருசி. சில வாரத்துலயே பழகிடும். ரொம்ப நாள் போட்டுட்டுப் பட்டுன்னு நிறுத்தினா வலிப்புகூட வரும். குடிச்சிட்டுப் போட்டா மூச்சுக்கே ஆபத்து. தரமாட்டேன்னா திட்டுவாங்க, திட்டட்டும்.

வேதாரண்யம் வாசி:
2018 நவம்பர் 16 கஜா புயலுக்கு அப்புறம் காத்து சத்தம் கேட்டாலே என் வீட்டுக்காரிக்கு நடுங்கும். அது அதிர்ச்சிக்குப் பின் வர்ற வேற கோளாறுன்னாங்க. மாத்திரை கிட்டத்தட்ட உங்க அப்பாவுக்கு எழுதின ரகம்தான்.

பாபநாசம் அக்கா:
தம்பி, அப்பா மாத்திரையை எப்ப நிறுத்தலாம்னாங்க?

கொரடாச்சேரிக்காரன்:
நல்லான பிறகும் குறைஞ்சது ஆறு மாசம் போடணும்க்கா. அப்புறம் டாக்டர் சொல்றபடி படிப்படியா குறைக்கணும். அவசரத்துக்கு 14416, அரசோட மனநல உதவி எண், காசில்லை, தமிழ்லயே பேசலாம். ஒண்ணு, முதல் தடவை நெஞ்சு வலிச்சா பதற்றம்தான்னு நாமளே முடிவு பண்ணக் கூடாது. இசிஜி எடுத்துட்டுத்தான் மத்ததெல்லாம்.