மையவிலக்கு விசை போலி என்றால், புவியீர்ப்பு?

வணக்கம் நண்பர்களே. இயற்பியல் நடத்துகிறவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். போன வாரம் பேருந்தில் கொல்லிமலை போனோம், 70 கொண்டை ஊசி வளைவுகள். முன் சீட்டுக் கம்பியில் கயிறு கட்டித் தொங்கவிட்ட தண்ணீர் பாட்டில் ஒவ்வொரு வளைவிலும் வெளிப்பக்கம் சாய்ந்து நின்றது. வேகம் மணிக்கு 18 கி.மீ., ஆரம் 10 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டோம். முடுக்கம் 2.5 மீ/வி², புவியீர்ப்பில் கால் பங்கு. சாய்வு சுமார் 14 டிகிரி.

சாலையோரம் நிற்பவருக்குப் பாட்டிலை வெளியே தள்ளும் விசை எதுவும் இல்லை. கயிற்றின் இழுவிசைதான் அதை உள்பக்கம் திருப்புகிறது. பேருந்தோடு சேர்ந்து திரும்பும் நமக்குத்தான், பாட்டில் சாய்வதை விளக்க, வெளியே தள்ளும் மையவிலக்கு விசை தேவைப்படுகிறது, அதனால் அது போலி விசை. இதுவரை சரி, சொல்லிவிட்டேன்.

அப்புறம் அவள் கேட்டாள்: "போலி விசை எல்லாமே நிறைக்கு நேர்விகிதம். புவியீர்ப்பும் அப்படித்தானேப்பா, அதுவும் போலியா?" 1907-ல் ஐன்ஸ்டைன் யோசிக்கத் தொடங்கியதும் கிட்டத்தட்ட இங்கேதான். மழுப்ப எனக்கு மனமில்லை. ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறுவதால் எந்தக் குறிப்பாயத்துக்கு (சாலையோரம், பேருந்து போல நாம் இருந்து பார்க்கும் நிலை) போனாலும் அதை முழுதாக நீக்க முடியாது என்பது எனக்குப் புரிகிறது. பெரிய கணிதம் இல்லாமல் அதை அவளுக்குக் காட்ட நல்ல எடுத்துக்காட்டு இருந்தால் சொல்லுங்கள்.