கட்டையை விரலால் இழுக்கும்போது அதன் எடை தெரிய வேண்டும்: அனுபவப் பகிர்வு

மரக்கட்டைகளை விரலால் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் சிறு விளையாட்டு ஒன்றை, பொருள்களின் விழுதலையும் மோதலையும் கணக்கிடும் இயற்பியல் என்ஜினான (நிரல் தொகுப்பு) பாக்ஸ்2டி கொண்டு எழுதத் தொடங்கியபோது, விரல் இருக்கும் இடத்தையே ஒவ்வொரு ஃப்ரேமிலும் கட்டையின் இடமாக வைத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். முதலில் சரியாகத்தான் தெரிந்தது. ஆனால் கட்டையை மூன்று விநாடிகள் அந்தரத்தில் பிடித்திருந்து விட்டபோது, அது துப்பாக்கிக் குண்டுபோல் பாய்ந்து அடுக்கு முழுவதையும் சிதறடித்தது. இரண்டு நாள் தேடிய பிறகே காரணம் விளங்கியது. நான் இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தேனே தவிர, திசைவேகத்தைத் தொடவே இல்லை. புவியீர்ப்பு அதை விநாடிக்கு 9.8 மீட்டர் வீதம் கூட்டிக்கொண்டே போனதால், அசையாமல் நின்றதாகத் தோன்றிய கட்டைக்குள் விநாடிக்கு ஏறக்குறைய 30 மீட்டர் வேகம் சேர்ந்திருந்தது.

வேகத்தை ஒவ்வொரு முறையும் பூஜ்ஜியமாக்கினேன். அப்போது கட்டையை வீசி எறியவே முடியவில்லை. சுவரை நோக்கி இழுத்தால் கட்டை சுவருக்குள் புதைந்தது. புதைந்த இரண்டையும் பிரிக்க முயன்ற என்ஜின் அதை வெளியே உதறித் தள்ளியது.

பாக்ஸ்2டி தரும் மவுஸ் ஜாயின்ட் என்ற இணைப்புக்கு மாறிய பிறகுதான் எல்லாம் இயல்பானது. கட்டையில் விரல் பட்ட புள்ளிக்கும் விரலுக்கும் நடுவே ஒரு சுருள்வில் கட்டியதுபோல் அது வேலை செய்கிறது. ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் கட்டை ஊசல்போல் ஆடித் தொங்குகிறது. சுவரில் மோதினால் விரல் தாண்டிப் போனாலும் கட்டை வெளியிலேயே நிற்கிறது. கையை எடுக்கும்போது இருந்த வேகத்துடனே பறக்கிறது. சுருள்வில்லின் விறைப்பைக் குறிக்கும் அதிர்வெண்ணை 5 ஹெர்ட்ஸாகவும், ஆட்டம் எவ்வளவு விரைவில் அடங்கும் என்பதைக் குறிக்கும் தணிப்பு விகிதத்தை 0.7 ஆகவும் வைத்தது எனக்குப் பொருந்தியது. இவற்றைவிட முக்கியமானது, அந்தச் சுருள்வில் இழுக்கக்கூடிய அதிகபட்ச விசை என்பது என் உறுதியான கருத்து. பல மாதிரி நிரல்களில் அதைப் பொருளின் நிறையைப் போல 1000 மடங்காக வைப்பார்கள். எடை என்பது நிறையின் 9.8 மடங்குதான்; ஆகவே அது பொருளின் எடையைப் போல நூறு மடங்குக்கும் மேல் என்பதால், எல்லாமே பஞ்சுபோல் விரலோடு வந்துவிடும். எல்லாக் கட்டைகளுக்கும் ஒரே விசை வரம்பை வைத்தேன். சிறியவை உடனே வந்தன. பெரியது விரலுக்குப் பின்தங்கித் தயங்கித் தயங்கி எழுந்தது. கண்ணாடித் திரையில் எடையை உணர்ந்தது அன்றுதான்.

* * *

மேலே எழுதிய நண்பருக்கு நேர்ந்ததைப் போன்ற குழப்பம் எனக்கு அளவீட்டில் நேர்ந்தது. பிக்சலை அப்படியே மீட்டராகக் கொடுத்திருந்தேன். 64 பிக்சல் பெட்டி என்ஜினின் கண்ணுக்கு 64 மீட்டர் கட்டடம். 1920 பிக்சல் உயரத்திலிருந்து விழ 20 விநாடிக்கும் மேல் எடுத்துக்கொண்டது. புவியீர்ப்பை நூறு மடங்கு கூட்டியும் பயனில்லை. ஏனெனில் பாக்ஸ்2டியின் 2.எக்ஸ் பதிப்புகளில் ஒரு பொருள் ஒரு படியில் (என்ஜின் ஒருமுறை கணக்கிடும் சிறு கால இடைவெளியில்) 2 மீட்டருக்கு மேல் நகராது, விநாடிக்கு 60 படிகள் என்றால் 120 மீட்டர்தான் உச்சம். அசையும் பொருள்கள் 0.1 முதல் 10 மீட்டருக்குள் இருப்பதே அந்த என்ஜினுக்கு ஏற்றது என்பதால், 100 பிக்சலை ஒரு மீட்டராக மாற்றினேன். அப்படியும் தொடுபுள்ளியை மாற்ற மறந்துவிட்டதால், சுருள்வில் பெட்டியைத் திரைக்கு வெளியே எங்கோ இழுத்துச் சென்றது. வரைவது, தொடுவது இரண்டுக்கும் ஒரே மாற்றுச் சார்பைப் பயன்படுத்துங்கள்.

* * *

ஒரே நேரத்தில் பல விரல்கள் தொடும் செயலியில் நான் பட்ட பாட்டையும் சேர்க்கிறேன். ஒவ்வொரு விரலின் அடையாள எண்ணுக்கும் தனி ஜாயின்ட் வேண்டும். விரல் எடுக்கப்படுவதை மட்டும் கவனித்திருந்தேன்; விளையாட்டின் நடுவே அழைப்பு வந்தபோது, தொடுகை ரத்தானதாக மட்டுமே தகவல் வந்தது, பொருளோ யாரும் பிடிக்காமலே அந்தரத்தில் தொங்கியது. இரண்டு நிகழ்வுகளிலும் ஜாயின்டை அழிக்க வேண்டும். இன்னொன்று: இழுத்துக்கொண்டிருக்கும் பொருளை நிரல் நீக்கினால், அதனோடு இணைந்த ஜாயின்டையும் பாக்ஸ்2டி தானே அழித்துவிடும். அந்த ஜாயின்ட் நினைவகத்தில் இருந்த இடத்தைக் காட்டியபடி நம்மிடம் எஞ்சும் சுட்டியை (பாயின்டர்) அதன் பிறகு பயன்படுத்தினால் செயலி நின்றுவிடும் என்பதால், அழிவு நேரும்போது என்ஜின் அழைத்து அறிவிக்கும் நிரல் பகுதியான லிசனரில் அதை வெறுமையாக்குகிறேன்.