ஆர்.வி. முகாமில் குடிநீர் ஹோஸ்: வாங்கியதும் வைத்திருப்பதும்

திரியைத் தொடங்கியவர்

ஆர்.வி.யில், அதாவது தங்கும் வசதியுள்ள வண்டியில், முகாமுக்குப் புறப்படுபவர்கள் படுக்கை, அடுப்பு, மின்கம்பி என ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். வண்டிக்குள் வரும் தண்ணீர் முழுவதும் கடந்துவர வேண்டிய ஹோஸை மட்டும் கையில் அகப்பட்டதைக் கொண்டு சமாளித்துக்கொள்கிறார்கள். ஒரு கோடையில் எங்கள் பக்கத்து இடத்தில் நிறுத்தியிருந்த குடும்பத்தினர், டாங்கை இருமுறை கழுவிய பின்னும் தண்ணீரில் வாடை போகவில்லை என்று என்னை அழைத்துக் காட்டினார்கள். அவர்கள் மாட்டியிருந்தது தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் பச்சை ஹோஸ். நண்பகல் வெயிலில் தரையில் கிடந்த அதிலிருந்து முதலில் வந்த வெதுவெதுப்பான நீரைக் கோப்பையில் பிடித்து முகர்ந்தபோது, புது டயரின் வாடை அப்படியே வீசியது. இரண்டு நிமிடம் திறந்துவிட்டதும் அது பெருமளவு தணிந்துவிட்டது. ஆகவே கோளாறு டாங்கில் இல்லை என்பது தெளிவாயிற்று.

பி.வி.சி. ஹோஸ் வளைந்து கொடுப்பதற்காகச் சேர்க்கப்படும் வேதிப்பொருள்கள், நீர் எவ்வளவு நேரம் உள்ளே தேங்கி நிற்கிறதோ, எவ்வளவு சூடாகிறதோ, அவ்வளவுக்கு அதில் கசிகின்றன. குடிநீருக்கென்று செய்யப்பட்ட ஹோஸில் இந்தச் சேர்மானங்கள் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். வெள்ளை அல்லது நீல நிறம் என்பது வழக்கமே தவிர உத்தரவாதம் அன்று. உறையில் குடிநீருக்கு ஏற்றது என்ற வாசகமும், என்.எஸ்.எஃப். 61 (குடிநீர் படும் பொருள்களுக்கான அமெரிக்கத் தரம்) போன்ற தரச்சான்றும் இருக்கின்றனவா என்று படித்துப் பார்க்க வேண்டும். பித்தளை முனைகளையும் மறந்துவிடக் கூடாது. அமெரிக்காவில் 2014 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, குடிநீர்ப் பொருத்துகளில் நீர் படும் பகுதியின் ஈய அளவு சராசரியாக 0.25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. "ஈயமற்றது" என்று முனையில் பொறித்திருப்பதன் பொருள் இதுதான்.

நீளத்தைப் பொறுத்தவரை, ஒரே 50 அடி ஹோஸைவிட இரண்டு 25 அடி ஹோஸ்களையே நான் விரும்புகிறேன். பெரும்பாலான இடங்களில் ஒன்றே போதும். மிச்சம் வெயிலில் சுருண்டு கிடந்து தண்ணீரைச் சூடாக்காது. உள்விட்டம் அரை அங்குலமா, எட்டில் ஐந்து அங்குலமா என்பதும் கவனிக்கத்தக்கது. இரண்டாவதன் குறுக்குவெட்டுப் பரப்பு ஒன்றரை மடங்குக்கும் சற்று அதிகம் என்பதால், குழாயில் அழுத்தம் குறைவாக உள்ள முகாம்களில் குளிக்கும்போது வேறுபாடு நன்றாகவே தெரியும்.

மறுமொழி

ஹோஸைப் பற்றி ஐயா சொன்னவை சரியே. ஆனால் ஹோஸை மாட்டும் குழாய் எப்படி இருக்கிறது என்பதை யார் பார்க்கிறார்கள்? எங்களுக்கு முன் ஓரிடத்தைக் காலி செய்துகொண்டிருந்தவர், வண்டியின் கழிப்பறைக் கழிவை வெளியேற்றும் ஹோஸைக் கழுவுவதற்காக அதன் வாயைக் குடிநீர்க் குழாயின் மூக்கிலேயே செருகி நீரைத் திறந்ததை நானும் என் மனைவியும் நேரில் கண்டோம். கடிந்து பேச வாய் வரவில்லை. அவர் போன பிறகு, பிளீச் கலந்த நீரைக் குழாய் வாயிலும் மரையிலும் தெளித்து, சிறிது நேரம் விட்டுத் துடைத்து, தண்ணீரை ஓடவிட்ட பிறகே எங்கள் ஹோஸை மாட்டினோம். அன்று முதல் எந்த முகாமிலும் இதுவே எங்கள் முதல் வேலை. கழிவைக் கழுவும் ஹோஸ் வேறு நிறத்தில், வேறு அறையில் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுவிட்டுத் தரச்சான்றைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை.

மறுமொழி

எடுத்து வைக்கும் முறையைப் பற்றி என் பங்கு. குழாயை மூடிய பின் ஹோஸின் ஒரு முனையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து, கைமாற்றிக் கைமாற்றி மறுமுனை வரை நடந்து சென்றால் உள்ளிருக்கும் நீர் முழுவதும் வடிந்துவிடும். பிறகு பெரிய வளையங்களாகச் சுற்றி, இரு முனைகளையும் ஒன்றோடொன்று திருகி விடுகிறேன். இதனால் பூச்சியும் மண்ணும் உள்ளே போகா. எஞ்சிய ஓரிரு துளிகள் பெட்டியை நனைப்பதும் இல்லை. ஆனால் பருவம் முடிந்து மாதக்கணக்கில் வைப்பதானால், முதலில் இரு முனைகளும் திறந்திருக்க நிழலில் தொங்கவிட்டு உலர்த்திய பிறகே முனைகளைத் திருகி மூட வேண்டும். ஈரத்தோடு மூடினால் உட்சுவரில் வழவழப்பான படலம் பிடித்துவிடும். தட்டையாகச் சுருட்டும் துணி ஹோஸ் இடத்தை மிச்சப்படுத்துவது உண்மைதான். எனினும், இரு சுவர்களும் ஒட்டிக்கொள்வதால் உள்ளே உலரவே உலராது என்பதைக் கண்டு அதைக் கைவிட்டேன்.

அடுத்த பயணத்துக்கு முன், 60 லிட்டர் தண்ணீருக்கு 60 மில்லிலிட்டர் என்ற கணக்கில் வாசனையற்ற வீட்டுப் பிளீச்சைக் கலந்து, டாங்கைச் சுத்திகரிக்கும்போதே ஹோஸிலும் நிரப்பிச் சில மணி நேரம் ஊறவிட்டு, வாடை போகும்வரை அலசுகிறோம்.

மறுமொழி

அழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பலர் வண்டியின் நுழைவாயிலில் மாட்டியிருப்பதைப் பார்க்கிறேன். அதைக் குழாய்ப் பக்கம் மாட்டினால்தான் ஹோஸுக்கும் பாதுகாப்பு. வண்டிக் குழாய்களுக்கு 40 முதல் 60 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அளவு) வரை போதும்; சில முகாம்களில் 100-க்கு மேலும் வருவதுண்டு. அலுமினிய முனை கொண்ட ஹோஸ் ஒன்று பித்தளைக் கருவியோடு அரித்து இறுகிப்போய், இரண்டு குறடுகளை வைத்துத் திருகியும் கழலாமல் கடைசியில் வெட்ட நேர்ந்ததைக் கண்டிருக்கிறேன். இரண்டு முனைகளும் பித்தளையாக இருப்பதே நல்லது.

உறைபனி எதிர்பார்க்கப்படும் இரவுகளில் ஹோஸைக் கழற்றி வடித்துவிட்டு, டாங்கில் சேமித்த நீரைப் பம்பு மூலம் பயன்படுத்துகிறோம். நீர் பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைவதால், நிரம்பிய ஹோஸ் மட்டுமன்றி அதை மாட்டியிருக்கும் குழாயும் பிளந்துவிடக்கூடும். சூடேற்றும் ஹோஸ் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அதற்கு இரவு முழுவதும் மின்சாரம் தேவை. மேலும், முனைகளில் உள்ள ரப்பர் வாஷர்களில் நாலைந்தைக் கருவிப் பெட்டியில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்; ஹோஸ் ஒழுகுகிறது என்று புதிதாக வாங்கியவர்கள் பலருக்கு மாற்ற வேண்டியிருந்தது அந்த வாஷர் மட்டுமே.