ஹிப் ரீசர்ஃபேசிங் செய்துகொள்ளலாமா? எலும்பு முறிவு, உலோக அயனி குறித்த ஐயம்

கேள்வி:
எனக்கு வயது 51, ஆண். வலது இடுப்பு மூட்டில் குருத்தெலும்பு முற்றிலும் தேய்ந்துவிட்டது. முழு மூட்டு மாற்று செய்யலாம், அல்லது தொடை எலும்பின் தலையை வெட்டி நீக்காமல் செதுக்கி, அதன்மேல் உலோகத் தொப்பியைப் பொருத்தும் ரீசர்ஃபேசிங் செய்யலாம் என்கிறார் மருத்துவர். டென்னிஸ் வீரர் ஆண்டி மரே 2019 ஜனவரியில் இதைச் செய்துகொண்டு, அக்டோபரிலேயே ஆன்ட்வெர்ப் போட்டியில் பட்டம் வென்றதைப் படித்தபின் மனம் இதன் பக்கமே சாய்கிறது. ஆனால், உலோகம் இரத்தத்தில் கலக்கும் என்கிறார்களே?

மறுமொழி 1:
ஒன்பது ஆண்டுகளுக்கு முன் செய்துகொண்டேன். இன்றும் மெதுவோட்டம் ஓடுகிறேன். தொழில்முறை வீரரை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். தொப்பிக்குக் கீழுள்ள எலும்பின் கழுத்துப் பகுதி முறிவது பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான் என்பதால், என்னை ஓராண்டு ஓடவே விடவில்லை. எலும்பு அடர்த்தியை முன்கூட்டியே பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2:
என் அக்காவுக்கு 2007இல் செய்தார்கள். நான்காம் ஆண்டில் கவட்டையில் வலி தொடங்கியது. எக்ஸ்-ரேயில் எதுவும் தெரியாததால் தசைப்பிடிப்பு என்றே சொல்லிவந்தார்கள். மூட்டின் உலோகத்திலிருந்து இரத்தத்தில் கலக்கும் கோபால்ட் அளவைப் பார்த்த பிறகுதான், மூட்டைச் சுற்றித் திசு சிதைந்து நீர்க்கட்டி உருவாகியிருப்பது எம்.ஆர்.ஐ.யில் புலப்பட்டது. முழு மூட்டு மாற்றிய பின்னும் நடையில் தளர்ச்சி இருக்கிறது.

மறுமொழி 3 (எலும்பு முறிவு சிகிச்சைப் பிரிவில் பணிபுரிபவர்):
மேலே சொன்ன இரண்டும் உண்மையே. வேறுபாடு பெரும்பாலும் உலோகத் தலையின் (அதாவது தொப்பியின்) அளவிலும், அது சுழல்வதற்காக இடுப்பெலும்புக் குழியில் பொருத்தும் உலோகக் கிண்ணத்தின் சாய்விலும் இருக்கிறது. கிண்ணம் செங்குத்தாக அமைந்தால் உராய்வு முழுவதும் அதன் விளிம்பில் விழுந்து, கோபால்ட்-குரோமியம் துகள்கள் மிகுதியாக உதிரும். தலை சிறிதாக இருந்தால் இந்தப் பிழையைத் தாங்கும் இடமும் குறையும். ஏ.எஸ்.ஆர். என்ற ரீசர்ஃபேசிங் மூட்டு 2010இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. நற்பெயர் பெற்ற பர்மிங்காம் என்ற மூட்டிலும் 46 மி.மீ. வரையிலான தலை அளவுகள் 2015இல் விலக்கப்பட்டன. பெண்களுக்குப் பொருத்த வேண்டாம் என்றும் தயாரிப்பாளரே அறிவித்தார். சிறுநீரகக் கோளாறோ உலோக ஒவ்வாமையோ இருந்தால் இதைத் தவிர்ப்பதே சரி. உங்களுக்குப் பொருந்தும் தலையின் அளவு என்ன, கிண்ணத்தை எந்தக் கோணத்தில் வைப்பார், ஆண்டுக்கு எத்தனை ரீசர்ஃபேசிங் செய்கிறார் என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. கேட்டேன். தலை 52 மி.மீ. வரும், கிண்ணத்தை 40 பாகை சாய்வில் வைப்பேன் என்றார். மூன்றாவது கேள்விக்கு மட்டும் நேரடியாக விடை சொல்லவில்லை. ஆகவே வேறொரு மருத்துவரையும் பார்க்கவிருக்கிறேன்.