ட்ரிம் என்பதற்குத் தமிழ் என்ன? திங்கள் காலை அச்சுக்குப் போகிறது

கிளிநொச்சி, வியாழன் இரவு

எல்லோருக்கும் வணக்கம்.

மோட்டார் வாகனம் திருத்தும் வகுப்புக்கு ஒரு பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவின் பெரிய பிக்கப்பும் எஸ்.யு.வி.யும் ஏன் இப்படி விலையேறின, அந்த விலையில் இரும்பு எவ்வளவு, மின்னணு எவ்வளவு என்பதுதான் பாடம். அந்த வண்டிகள் ஏ9 வீதியில் வரப்போவதில்லை, தெரியும். ஆனால் அவற்றில் இருக்கும் அதே கமெராவும் ரேடாரும் ஜப்பான் வண்டிகளோடு இங்கேயும் வந்து இறங்குகின்றன. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள். இனி எங்கள் பிள்ளைகள் வேலைக்குப் போகிற கராஜில் பழைய வண்டி மட்டுமே நிற்கும் என்று சொல்ல முடியாது.

நான் சிக்கி நிற்பது ஒரு சொல்லில். போர்ட் எஃப்-150 பிக்கப் ஒரே வண்டிதான். அதையே எக்ஸ்.எல்., எக்ஸ்.எல்.டி., லேரியட், கிங் ராஞ்ச், பிளாட்டினம் என்று அடுக்கி விற்கிறார்கள். அடியில் இருப்பது 40,000 டொலரைச் சுற்றி, மேலே போனால் 80,000ஐயும் தாண்டும். இந்த அடுக்குக்குத்தான் "ட்ரிம்" என்று பெயர். என் குறிப்பில் 31 இடத்தில் வருகிறது. "தரம்" என்று போட்டுப் பார்த்தேன். "தரம் 5 வண்டி" என்றால் அது புலமைப்பரிசில் எழுதுமா மிஸ் என்று கேட்பார்கள். திங்கள் காலை எட்டரைக்கு அச்சுக்குக் கொடுக்க வேண்டும். உதவுங்கள்.

பரந்தன், வியாழன் இரவு

தங்கச்சி, சொல் ஏற்கெனவே இருக்கிறது. "புல் ஒப்ஷன்". என் கராஜுக்கு வருகிற எவரும் வேறு எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை. விளம்பரத்திலும் அதுதான். முடிந்தது வேலை.

கிளிநொச்சி, வியாழன் இரவு

அண்ணை, புல் ஒப்ஷன் என்பது மேல் அடுக்கு மட்டும். நடுவில் இருக்கும் மூன்றுக்கும் என்ன சொல்வது, அரை ஒப்ஷன், முக்கால் ஒப்ஷன் என்றா?

மல்லாவி, வெள்ளி அதிகாலை

பிள்ளைக்கு,

"தரம்" வேண்டாம் என்றது சரி. ஆனால் வேரைப் பார்க்காமல் சொல் தேடக்கூடாது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு ஒட்ட வெட்டுதல் என்றும் பொருள், அலங்கரித்தல் என்றும் பொருள். பழைய ஆங்கிலத்துக்குப் போனால் உறுதியாக்குதல், ஒழுங்குபடுத்துதல். நம்மிடம் இதற்கு நேராக நிற்பது "அணி". அணிகலனும் அதில் உண்டு, அணிவகுப்பும் அதில் உண்டு. அலங்காரமும் வரிசையும் ஒரே சொல்லுக்குள். "அணிப்படி" என்று வையுங்கள்.

இன்னொன்று. பிக்கப் என்று எழுதிக்கொண்டு ட்ரிம்முக்கு மட்டும் தமிழ் தேடுவது, வேட்டி இல்லாமல் தலைப்பாகை கட்டுவது போல. சுமை வண்டிக்கு வள்ளுவர் சொன்ன சொல் "சாகாடு". குறள் 475ஐ எடுத்துப் பாருங்கள். மயிலிறகே ஆனாலும் அளவு மிஞ்சி ஏற்றினால் சாகாட்டின் அச்சு முறியும். கமெராவும் திரையும் சூடாகும் இருக்கையும் மயிலிறகு அல்லாமல் வேறென்ன? உங்கள் பாடம் முழுவதும் ஒன்றே முக்கால் அடியில் இருக்கிறது. உப்பு வணிகரின் வண்டி "சகடம்", அவை வரிசையாகப் போனால் "ஒழுகை". புறநானூறு 102இல் ஔவையார், உமணர் வண்டியின் கீழ்மரத்தில் கட்டிவைத்த "சேம அச்சு" பற்றிச் சொல்கிறார். அதை வைத்து "சேமச் சில்லு" என்று சொல்லலாம். நீங்கள் எல்லோரும் "ஸ்பெயார்" என்கிறீர்கள்.

வவுனியா, வெள்ளி காலை

ஐயா, சாகாடு அழகான சொல். ஆனால் தட்டச்சில் ஒரு "க்" கூடினால் சாக்காடு ஆகிவிடும். "சாக்காடு இரண்டு, இறக்குமதி வரி செலுத்தப்பட்டது" என்று ஒரு படிவத்தில் வந்தால் கையொப்பம் வைக்கப் போகிறவர் யார்? நாங்கள் மொழிபெயர்ப்பில் "கெப் வண்டி" என்று எழுதுகிறோம். அதில் அழகு கிடையாது, ஆனால் இன்றுவரை யாரும் திரும்பக் கேட்டதில்லை.

"அணி" பற்றி ஒரு தயக்கம். போரைப் பார்த்த எங்கள் ஊர்களில் அந்தச் சொல்லுக்கு வேறு கனம் இருக்கிறது. முதலாம் அணி, இரண்டாம் அணி என்று சொன்னால், அந்தப் பிள்ளைகளின் தகப்பன்மாருக்கு வண்டி நினைவு வராது.

ரொறன்ரோ (சொந்த ஊர் ஒட்டுசுட்டான்), வெள்ளி

இந்த வண்டிகளில் ஒன்றை 84 மாதக் கடனில் ஓட்டிக்கொண்டிருப்பவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

தங்கச்சி, "முழு அளவு" என்று மொழிபெயர்க்கும்போதும் கவனம். எஃப்-150ஐ முழு அளவுப் பிக்கப் என்பார்கள், அதே வாயால் அரைத் தொன் வண்டி என்பார்கள். பழைய சுமைக் கணக்கு பெயரில் ஒட்டிக்கொண்டது, இப்போது அதைவிடக் கூட ஏற்றும். 1964இலிருந்து வெளிநாட்டுப் பிக்கப்புக்கு அமெரிக்காவில் 25 வீத வரி. ஐரோப்பாக்காரர் அமெரிக்கக் கோழிக்கு வரி போட்ட கோபத்தில் போட்டது. கோழிச் சண்டை ஓய்ந்து எவ்வளவோ காலம், வரி நிற்கிறது. வெளியிலிருந்து போட்டி குறைந்தால் விலையை யார் இறக்குவார்?

விலைக்கு ஒரு உதாரணம் வேண்டுமென்றால் மின்சார எஃப்-150 லைட்னிங்கை எடுங்கள். 2021இல் அறிவித்தபோது அடி அடுக்கு 39,974 டொலர். 2023 மார்ச்சில் அதே அடுக்கு 59,974. ஜூலையில் 49,995க்கு இறக்கினார்கள். 2025 செப்டெம்பரில் அமெரிக்காவில் ஒரு புதிய வாகனத்தின் சராசரி விலையே 50,000 டொலரைத் தாண்டிவிட்டது, அதில் சின்னக் காரும் சேர்த்தி.

எல்லாம் மயிலிறகு என்று ஐயா சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பின்பக்கக் கமெரா 2018 மேயிலிருந்து அங்கே சட்டம், அதை வேண்டாம் என்று யாரும் வாங்க முடியாது. சில எஃப்-150களின் பெட்டியிலிருந்து 7.2 கிலோவாற்று மின் எடுக்கலாம். 2021 பெப்ரவரியில் டெக்சஸில் பனியால் மின்சாரம் நின்றபோது இந்த வண்டிகளை வைத்து வீட்டுக்கு விளக்கெரித்தார்கள். ஒட்டுசுட்டானில் ஒரு கிணற்று மோட்டருக்கு அது காணும். ஆனால் கடிலாக் எஸ்கலேட் என்ற எஸ்.யு.வி.யில் 2021இல் 38 அங்குல வளைந்த திரை வைத்தார்கள். அது மயிலிறகுதான், விடுங்கள்.

இன்னும் ஒரு வித்தை உண்டு. பின்னால் ரெயிலரைப் பூட்டி றிவேர்ஸ் எடுக்க ஒரு குமிழ். ஸ்ரேரிங்கை விட்டுவிட்டுக் குமிழைத் திருப்பினால் வண்டி தானே வளைத்து விடும்.

பரந்தன், வெள்ளி இரவு

அண்ணை, அந்தக் குமிழுக்கு எவ்வளவு எடுக்கிறார்கள்? எங்கள் பக்கத்தில் பதினைந்து வயதுப் பெடியன், நெல் மூட்டை ஏற்றிய பெட்டியை உழவு இயந்திரத்தில் பூட்டி, ஒழுங்கைக்குள்ளால் பின்னுக்கு எடுத்து முற்றத்தில் நிறுத்துவான். கழுத்தை மட்டும்தான் திருப்புவான்.

சொல்லுக்கு வருவோம். மாஸ்ரர் கோபிக்கக் கூடாது. வன்னியில் வண்டிக்குப் பெயர் வைத்தது இலக்கணம் இல்லை, முதலில் வந்த வண்டி. இரண்டு சில்லு உழவு இயந்திரம் எந்தக் கம்பனியானாலும் லான்ட்மாஸ்ரர். சின்ன லொறி என்றால் பட்டா. கொஞ்சம் பெரிது என்றால் கன்ரர். வான் என்றால் ஹயஸ். சனம் இப்படித்தான் பெயர் வைக்கும். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய காலத்தில், கிளப்புவதற்கு நாலு துளி பெற்றோல் விட்டோமே, அந்த வேலைக்கு யாராவது கலைச்சொல் கேட்டோமா? வண்டி கிளம்பியது, போனோம்.

கமெரா வண்டிகளால் எனக்கு வந்த தலையிடி வேறு. முன் கண்ணாடி உடைந்தால் முன்பெல்லாம் கண்ணாடியை மாற்றினால் சரி. இப்போது கண்ணாடிக்குப் பின்னால் கமெரா இருந்தால், மாற்றிய பிறகு அதற்குத் திரும்ப நேர் பார்த்துக் கொடுக்க வேண்டும். பலகை வேண்டும், கணினி வேண்டும், மட்டமான தரை வேண்டும். தரைதான் பெரிய செலவு.

மல்லாவி, சனி அதிகாலை

கராஜ் தம்பிக்கு. சனம் வைக்கும் என்று விட்டால் சனம் விளம்பரத்தில் பார்த்ததைத்தான் வைக்கும். "வெதுப்பகம்" என்று கடைப் பலகையில் எழுதியபோதும் சிரித்தார்கள். இன்றும் பலகையில் வெதுப்பகம் நிற்கிறது.

பரந்தன், சனி காலை

நிற்கிறது மாஸ்ரர். அதற்குக் கீழே நின்றுகொண்டு "பேக்கரியடியில் நிற்கிறேன்" என்று போனில் சொல்கிறார்கள்.

முல்லைத்தீவு, சனி காலை

நான் இந்தக் குழுவில் வாசிப்பதோடு சரி. ஒன்று மட்டும் கேட்கிறேன். "வசதிப்படி" என்று வைத்தால் என்ன? வண்டியில் இருக்கும் வசதிகளின் படி. வாங்குகிறவரின் வசதிக்கு ஏற்றபடி என்றும் எடுக்கலாம். இரண்டும் உண்மைதானே.

கிளிநொச்சி, சனி காலை

அக்கா! இது பிடித்திருக்கிறது.

மல்லாவி, சனி மதியம்

வசதி வடசொல். "வசதி" என்றால் அங்கே உறைவிடம், தங்குதல். நம் "வதிதல்" அதோடு உறவா, தனி வேரா என்பது நீண்ட கதை, அதைத் தனியாக எழுதுகிறேன். வடசொல் கூடாது என்ற பிடிவாதம் எனக்கில்லை, ஆனால் "வாய்ப்பு" என்ற நல்ல தமிழ் இருக்கும்போது எதற்கு? அல்லது "பூண்". உலக்கைக்குப் பூண் போடுவது உறுதிக்கு, கழுத்தில் பூண் அணிவது அழகுக்கு. நான் முதலில் சொன்ன வேரின் இரண்டு பொருளும் இதில் வந்துவிடுகின்றன. "பூணடுக்கு" என்பது என் திருத்திய முன்மொழிவு.

வவுனியா, சனி பிற்பகல்

"வாய்ப்புப்படி" வாயில் நிற்காது. சுருக்கி "வாய்ப்படி" என்றால் வாசற்படியில் போய் இடறும். "பூணடுக்கு" கேட்டால் நகைக்கடை அலுமாரி போலத் தெரிகிறது.

"வசதிப்படி"யில் ஒரு இலக்கணச் சிக்கல் உண்டு. "வசதிப்படி விலை மாறும்" என்று எழுதினால் படி பெயரா, இடைச்சொல்லா? வாங்குகிறவரின் வசதியைப் பார்த்து விலை சொல்கிறார்கள் என்று வாசிக்கலாம்.

ரொறன்ரோ, சனி

அதுவும் பொய்யில்லை. 2021, 2022இல் சிப் தட்டுப்பாட்டு நேரம் கடைக்காரர் கம்பனி விலைக்கு மேலே ஆயிரக்கணக்கில் வைத்து விற்றார்கள். இருந்த சிப்பைக் கூடிய விலை வண்டிகளுக்குத்தான் முதலில் கொடுத்தார்கள். அப்படியும் ஜெனரல் மோட்டர்ஸ் சில வண்டிகளைச் சூடாகும் இருக்கை இல்லாமலே அனுப்பியது. படி இருந்தது, வசதி வரவில்லை.

கிளிநொச்சி, ஞாயிறு இரவு

வவுனியா ஐயா சொன்ன சிக்கலுக்கு நான் கண்ட வழி: பன்மையோ எண்ணோ சேர்த்து எழுதுவது. "வசதிப்படிகள்", "மூன்றாம் வசதிப்படி" என்றால் குழப்பமில்லை. "வசதிப்படி விலை" என்று வரும் இடங்களை மட்டும் மாற்றி எழுதினேன். 31இல் நான்கு.

இதுவரை எழுதியவர்களில் வசதிப்படிக்கு நான்கு பேர், அதில் பரந்தன் அண்ணை "வேறு வழியில்லாததால்" என்று தனியாக எழுதியிருந்தார். பூணடுக்குக்கு ஒருவர். வவுனியா ஐயா எந்தப் பக்கமும் சொல்லவில்லை. முதல் தடவை வரும் இடத்தில் "கம்பனிகள் ட்ரிம் என்று சொல்லும் வசதிப்படி" என்று போட்டிருக்கிறேன். பிக்கப் பிக்கப்பாகவே நிற்கிறது. சேமச் சில்லை எடுத்துக்கொண்டேன், மாஸ்ரர்.

மல்லாவி, ஞாயிறு இரவு

சேமச் சில்லுக்கு நன்றி. வசதிப்படிக்கு என் உடன்பாடு இல்லை என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அடுத்த பதிப்பில் பார்ப்போம். "ஒழுகை" என்பதை ஏ9இல் வரிசையாகப் போகும் லொறிகளுக்கு ஏன் சொல்லக்கூடாது என்று ஒரு மடல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பரந்தன், திங்கள் காலை

மாஸ்ரரின் மடல் வருவதற்குள் ஒரு அவசரம். கமெரா வண்டி ஒன்றுக்கு முன் கண்ணாடி மாற்றியாயிற்று, மத்தியானம் ஆள் வருகிறார். கமெராவுக்கு நேர் பார்த்ததற்குத் தனியாகக் காசு எடுக்க வேண்டும். பில்லில் என்ன எழுத? "காலிபிரேஷன்" என்று போன தடவை எழுதினேன், அது என்ன சாமான், கழற்றித் தாருங்கள், வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்றார்.