டைனமோ சுற்றி முழு நாளும் றேடியோ கேட்டது பொய்யா?

முறிகண்டியான்:
போன கிழமை இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "90களில் வன்னியில் இருந்து இலங்கை வானொலி கேட்டோம் என்பதெல்லாம் கதை. போர்க்காலம், கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை. டைனமோவைச் சுற்றி அஞ்சு நிமிடம் செய்தி கேட்டிருப்பார்கள், அவ்வளவுதான்." வாசித்த நேரம் தொடக்கம் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. 1996 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை, லாகூரில் இலங்கைக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதியாட்டம். அன்று விடிந்ததிலிருந்து இரவு வரை எங்கள் முற்றத்தில் றேடியோ ஓயவில்லை. காலையில் பக்திப் பாட்டு, பிறகு சினிமாப் பாட்டு, மத்தியானம் ஒரு நாடகம், பின்னேரம் தொடக்கம் கிரிக்கெட். எல்லாமே சைக்கிள் டைனமோவில். இல்லை என்பவர் வந்து சொல்லட்டும்.

கோப்பாய்க்காரன்:
அதை எழுதியவன் நான்தான். வந்துவிட்டேன். டைனமோவில் செய்தி கேட்டதை நான் மறுக்கவில்லை. முழு நாள் கேட்டேன் என்கிறீரே, அதைத்தான் கேட்கிறேன். அன்றைய ஆட்டம் கிட்டத்தட்ட நூறு ஓவர். அவ்வளவு நேரமும் ஒரு டைனமோ சுழன்றதா? டைனமோவில் வருவது ஏசி, றேடியோவுக்கு வேண்டியது டிசி. நேரே கொடுத்தால் உறுமல்தான் கேட்கும், அரவிந்த டி சில்வாவின் அடி கேட்காது.

முறிகண்டியான்:
நேரே கொடுத்தோம் என்று யார் சொன்னது? ஏசியை டிசியாக்க நாலு டயோட், ஒரு பெரிய கொண்டென்சர். பழுதாய்ப்போன செற்றுகளிலிருந்து கழற்றி எடுத்தவை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவின் தலை ரயரில் முட்டுகிற மாதிரி வைத்து, பெடலைக் கையால் சுற்றுவோம். கை தளர்ந்தால் குரல் அமுங்கும், வேகம் கூடினால் ஏறும். எந்த வேகத்தில் சுற்றினால் ஆறு வோல்ற் வரும் என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் கை அறியும். றேடியோ எவ்வளவு கரண்டைத் தின்னும்? சைக்கிள் லைற்றுக்கு வேண்டியதில் ஒரு துளி. உமக்கு இது தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லும், பொய் என்று சொல்லாதேயும்.

கோப்பாய்க்காரன்:
எனக்குத் தெரியாதா? 1990இல் யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்ற கையோடு இந்த வித்தையைத் தொடங்கியதே நாங்கள். 95 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டு, பிறகு கிளாலிக் கடலேரியால் வன்னிக்குக் கொண்டுவந்ததும் நாங்கள்தான். எங்களிடம் பழகிவிட்டு எங்களுக்கே பாடம் எடுக்கிறீர். நாள் முழுக்க என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

முறிகண்டியான்:
அங்கே நிறுத்தும். கிளிநொச்சியிலும் 90இலேயே கரண்ட் இல்லை. நீங்கள் வரும்வரை நாங்கள் இருட்டில் வாயைப் பிளந்துகொண்டு இருந்தோம் என்று நினைத்தீரோ? வந்தவர்களுக்குக் கிணறு விட்டோம், காணி விட்டோம், கொட்டில் போட மரம் தறித்துத் தந்தோம். அதையெல்லாம் மறந்தாச்சு. டைனமோவும் உங்களுடையதாகிவிட்டது.

மல்லாவிப் பெடியன்:
அண்ணைமார், சண்டை பிறகு. மத்தியானம் நாடகம் என்றீர்களே, என்ன நாடகம்?

முறிகண்டியான்:
பெயர் ஞாபகம் இல்லை, தம்பி. கிணற்றடியில் அம்மா பானையைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டது ஞாபகம் இருக்கிறது.

கோப்பாய்க்காரன்:
பாருங்கோ! நாடகத்தின் பெயர் தெரியாது, நாள் முழுக்கக் கேட்டாராம்.

வற்றாப்பளை:
வானொலி நாடகம் என்றால், இலங்கை வானொலியில் நாடகம் போட்ட சானாவின் காலம்தான். "இலண்டன் கந்தையா" போகிற நேரத்தில் ஊரே அடங்கிவிடும் என்று அப்பா சொல்லுவார்.

மல்லாவிப் பெடியன்:
அக்கா, "கோமாளிகள் கும்மாளம்" இருக்கே. மரிக்காராக ராம்தாஸ், அப்புக்குட்டியாக ராஜகோபால், உபாலியாக செல்வசேகரன், ஐயராக அப்துல் ஹமீத். நாலு பேர், நாலு விதமான பேச்சு. அது 1976இல் படமாகவும் வந்தது. இலண்டன் கந்தையா படமாக வந்ததா?

வற்றாப்பளை:
படமாக வந்தால் பெரிய நாடகமோ? யாழ்ப்பாணப் பேச்சை வெட்கப்படாமல் வானொலியில் ஏற்றியவர் சானா. அந்த வழி இல்லாவிட்டால் உங்கள் அப்புக்குட்டி எந்தப் பேச்சில் கதைத்திருப்பார்?

கோப்பாய்க்காரன்:
இரண்டும் கரண்ட் இருந்த காலம். பற்றரி கடையில் கிடைத்த காலம். அறிவிப்பாளர் கே.எஸ்.ராஜாவின் குரல் தேநீர்க்கடை தேநீர்க்கடையாகக் கேட்ட காலம். அதையும் 96ஐயும் ஒன்றாகக் குழைக்காதீர்கள். கேள்வி ஒன்றுதான்: டைனமோவில் முழு நாள் முடியுமா?

இரணைமடு:
வானொலி திருத்தின கை என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். முறிகண்டியான் சொன்ன நாலு டயோட் விஷயம் சரி. ஆனால் கொண்டென்சர் மட்டும் போதாது. ஆள் மாறி ஆள் சுற்றுகிற இடைவெளியில் செற் நின்றுவிடும். பக்கத்தில் பழைய மோட்டார் சைக்கிள் பற்றரி ஒன்றாவது இருந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் செத்த ரோச் பற்றரிகளுக்கு ஆணியால் துளை போட்டு, உப்புத் தண்ணீர் விட்டு, வெயிலில் வைத்து, வரிசையாக அடுக்கியும் கேட்டோம்.

கோப்பாய்க்காரன்:
வந்துவிட்டதா வெளியே! பற்றரி இருந்திருக்கிறது. அப்போது டைனமோவில் கேட்டது என்று எழுதியது தவறு.

முறிகண்டியான்:
பற்றரி இருந்தது என்று நானா எழுதினேன்? இரணைமடு எழுதியது அவருடைய முற்றத்துக் கதை. எங்கள் முற்றத்தில் டைனமோ. ஆள் மாறும்போது ஒருவர் பெடலை விட முதல் மற்றவர் பிடிப்பார். சில்லு நிற்காது, கொஞ்சம் தளரும். குரல் கீழே போய்த் திரும்ப மேலே வரும். அந்த இறக்கத்தில்தான் ஜயசூர்யா 9இல் ரன் அவுட் ஆனார். என்ன நடந்தது என்று விளங்காமல் முற்றமே கத்தியது. பிறகு களுவிதாரணவும் போய் 23க்கு 2. அன்று ஒருவரும் சாப்பிடப் போகவில்லை. அரவிந்தவும் குருசிங்கவும் நின்ற பிறகுதான் சட்டி திறந்தது. முரளி 10 ஓவரில் 31 ஓட்டம் மட்டுமே கொடுத்தார் என்று ஆங்கில வர்ணனையைக் கேட்டுக் கேட்டு மாமா எல்லோருக்கும் தமிழில் சொன்னார். மெல்பேணில் பந்தை எறிகிறார் என்று அவருக்கு நோ போல் கொடுத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. எங்களுக்கு அந்த 31 எவ்வளவு பெரிது என்று உமக்கு விளங்குமோ?

கோப்பாய்க்காரன்:
ஸ்கோரைப் புத்தகம் பார்த்தும் எழுதலாம். அரவிந்த 107, ரணதுங்க 47, 7 விக்கெட்டால் வெற்றி. நானும் எழுதிவிட்டேன். நான் டைனமோ சுற்றினேன் என்று அர்த்தமா?

வற்றாப்பளை:
ஒன்று கேட்கிறேன், இரண்டு பேரும் பதில் சொல்லுங்கள். சுற்றினது யார்? எங்கள் வீட்டில் ஆம்பிளையள் வாங்கில் இருந்து ஓவர் எண்ணினார்கள். பெடலில் நானும் தங்கச்சியும். கை வீங்கி அடுத்த நாள் எழுத முடியவில்லை. பாட்டு நேரத்தில் எங்களுக்குப் பிடித்த பாட்டு வந்தால் "காணும், நிப்பாட்டு, பின்னேரம் மட்சுக்குக் கை வேணும்" என்றார்கள். அந்தப் பாட்டை முழுக்கக் கேட்கவில்லை என்ற கோபம் எனக்கு இன்றும் இருக்கிறது.

மல்லாவிப் பெடியன்:
அக்கா சொன்னதோடு விஷயம் முடிந்தது. முழு நாளும் சுற்றியிருக்கிறார்கள்.

கோப்பாய்க்காரன்:
முடியவில்லை. பாட்டை நிற்பாட்டினார்கள் என்று அவரே சொல்கிறார். ஆகவே முழு நாள் இல்லை. நான் சொன்னதே சரி.

முறிகண்டியான்:
அது வற்றாப்பளை வீடு. எங்கள் வீட்டில் பாட்டை நிற்பாட்டவில்லை. எத்தனை தரம் எழுதுவது? காலை பாட்டு, மத்தியானம் நாடகம், பின்னேரம் கிரிக்கெட். டைனமோவில். பிபிசி தமிழோசைச் செய்தி கேட்க மட்டும்தான் வன்னிச் சனம் றேடியோ வைத்திருந்தது என்று எழுதுகிற எல்லோருக்கும் சொல்கிறேன்: எங்களுக்கும் பாட்டு வேண்டியிருந்தது, சிரிப்பு வேண்டியிருந்தது, ஆட்டம் வேண்டியிருந்தது. குண்டுக்குப் பயந்து பங்கருக்குள் ஓடினோம் என்றால் உடனே நம்புகிறீர்கள். முற்றத்தில் இருந்து கிரிக்கெட் கேட்டோம் என்றால் சாட்சி கேட்கிறீர்கள்.

கோப்பாய்க்காரன்:
உணர்ச்சியைக் கிளப்பி டைனமோவை மறைக்காதேயும். கொண்டென்சர் எத்தனை மைக்ரோபரட்? அதைச் சொல்லும்.

முறிகண்டியான்:
ஆயிரம்.

இரணைமடு:
ஆயிரம் காணாது. உறுமும்.

முறிகண்டியான்:
உறுமியது. உறுமலோடுதான் கேட்டோம். உறுமினால் கேட்கவில்லை என்றாகிவிடுமா? நீர் என்ன, கோப்பாய்க்காரனுக்கு வக்காலத்தா? போன வருசம் இரணைமடுக் குளத்துத் தண்ணீர்க் கதையிலும் நீர் அவர் பக்கம்தான் நின்றீர், நான் மறக்கவில்லை.

இரணைமடு:
தண்ணீர்க் கதையை ஏன் இழுக்கிறீர்கள் அண்ணை? தண்ணீர் யாழ்ப்பாணத்துக்குப் போகவேண்டும் என்று நான் எங்கே எழுதினேன்?

கோப்பாய்க்காரன்:
உறுமியது என்று ஒத்துக்கொண்டதற்கு நன்றி. இனி "முழு நாள்" என்பதையும் திருத்தி எழுதும்.

முறிகண்டியான்:
திருத்தமாட்டேன். முழு நாள்தான்.